பானெட்டை அடிக்காதீங்க

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரியாஹாட்டிலிருந்து லேக் மார்க்கெட் போனேன். பக்கம்தான். கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லவே வேண்டாம், முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் நமக்கு வேற கதி இல்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அம்மா கதவைத் திறந்தார். நாலு விரல் அகலம் திறந்தது, "க்றீச்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூணு வருஷம். கியர் ராடைத் தாண்டி, டிரைவர் சீட் வழியாக, பஸ்ஸும் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகிற பக்கமாக அவரை இறக்கினேன். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிளாட்ஃபாரம் ஏறியதும் அம்மா சொன்னது: "உங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வண்டி என்னை இப்படி இறக்கினதில்லடா."

அதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் வண்டி கேரேஜிலிருந்து "புதுசா" வந்திருந்தது. பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி, தலைமுடி அளவு இடைவெளி. ஃபோட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். திருச்சியிலிருந்து நியூ ஜெர்சி வரைக்கும் எல்லாரும் கட்டைவிரல் தூக்கினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்தத் தலைமுடி இடைவெளிதான் கதவைப் பிடித்தது.

அதனால்தான் இந்தப் பதிவு. அப்பாவோட காரை, தாத்தாவோட காரை வைத்துப் பராமரிக்கிற நம்ம ஆட்கள் நிறைய பேர் இதே தப்பைப் பண்ணுகிறோம். பானெட் சரியா மூடலைன்னா பானெட்டைத் திருத்துகிறோம். முட்டியால் அமுக்கு, தூக்கிப் போட்டு அடி, ஓரத்தைச் சுத்தியலால் தட்டு, மிச்சத்துக்குப் பட்டி அடி, மேலே பெயிண்ட். பத்தில் ஒன்பது வண்டியில் பானெட் மேல தப்பே இருக்காதுங்க. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கோங்க.

என் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மார்க் 3, 1970 மாடல், நாலு கதவு. அப்பா 1982-இல் திருச்சியில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அவர் போன பிறகு ஸ்ரீரங்கம் வீட்டை விற்றோம், வண்டியை விற்க மனசு வரலை, லாரியில் ஏற்றி இங்கே கொண்டு வந்தேன். கரியாஹாட்டில் கார் நிறுத்த இடம் பிடிப்பது பற்றித் தனியாகவே ஒரு புராணம் எழுதலாம். அது இன்னொரு நாள்.

பிள்ளைகளுக்காக ஒரு சின்ன வரலாறு. ஹெரால்டு நம்ம மெட்ராஸ் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில், வண்டலூர் பக்கம் 1961-லிருந்து இதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1959. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. இங்கிலாந்தில் இருந்தது ரெண்டு கதவு சலூன்தான். நாலு கதவு ஹெரால்டு 1968-இல் மெட்ராஸில் மட்டும் செய்தது. வெளிநாட்டில் ஹெரால்டு சாமான் நல்லா கிடைக்கும், ஆனால் என் வண்டியின் கதவு அங்கே கிடைக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வேலைக்கு ஆகும்.

ஹெரால்டில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இது மட்டும் பழைய மாதிரி தனிச் சேசிஸ். காரணம் வியாபாரம். இவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழுப் பாடியாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு, சேசிஸ் மேல் உட்கார வைத்தார்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் பானெட். வெறும் மூடி இல்லை. ரெண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாதி வண்டியே பானெட். கீல் முன்னாடி பம்பர் பக்கம் இருக்கிறது. முதலை வாய் திறக்கிற மாதிரி முன்னால் சாயும். என்ஜினில் கை வைக்கிறவனுக்குச் சொர்க்கம், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

நரகம் மூடும்போதுதான். அவ்வளவு பெரிய தகரம் முன்னாடி ரெண்டு கீல், பின்னாடி பக்கத்துக்கு ஒரு கொக்கி, நடுவில் ரப்பர், இதை நம்பித்தான் நிற்கிறது. அதன் பின் ஓரம் டேஷ் பக்கத்துச் சுவரோடும் முன்கதவோடும் ஒத்துப்போகணும். சுவரும் கதவும் எங்கே இருக்கின்றன? சேசிஸ் மேல் போல்ட்டில் உட்கார்ந்த இன்னொரு துண்டில். அந்தத் துண்டு ஒரு பக்கம் கால் அங்குலம் இறங்கினால், பானெட் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் கோணலாகத்தான் தெரியும்.

நான் விட்ட கேரேஜ் (பேர் வேண்டாம், மிஸ்திரி நல்ல மனுஷர்) என்ன செய்தது தெரியுமா? வண்டி வந்தபோது இடப் பக்கம் பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மேலே சின்ன இடைவெளி, கீழே பெரிய இடைவெளி. "ஹோயே ஜாபே தாதா" என்றார். முன் கீல் போல்ட்டைத் தளர்த்தி, பானெட்டை மொத்தமாகப் பின்னால் தள்ளினார். கீழ் இடைவெளி குறைந்தது, மேலே கதவில் முட்டியது. முட்டிய இடத்தை உள்ளே தட்டினார். தட்டியதில் விழுந்த பள்ளத்துக்குப் பட்டி. கொக்கி எட்டலை, வளைத்து எட்ட வைத்தார். கடைசியில் இடக் கையால் ஒரு அமுக்கு, வலக் கையால் கொக்கி, மூடியாச்சு. பட்டிக்கும் பெயிண்டுக்கும் 38,000 ரூபாய் கொடுத்தேன்.

பேங்க்கில் இருக்கிறவன், பி.காம் படித்தவன், எனக்கு இது அப்போதே உறைத்திருக்கணும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா என்ன பண்ணுவோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு அன்றைக்குக் கடையை மூடலாம். ஆனால் தப்பு எங்கேயோ ஒரு லெட்ஜரில் அப்படியே இருக்கும், ஆடிட்டில் வந்து நிற்கும். என் ஆடிட் லேக் மார்க்கெட் வாசலில் அம்மா முன்னாடி நடந்தது.

"மிஸ்திரி மேல பழி போடாதே"ன்னு சிலர் சொல்வீர்கள். போடலை. அவர் கை அம்பாசடரில் பழகிய கை. உத்தர்பாராவில் 2014 மே மாசம் அம்பாசடர் நின்றுபோகிற வரைக்கும் இந்த ஊர் டிங்கரிங் பூராவும் அந்த ஒரு வண்டியை வைத்து வளர்ந்தது. அதில் பாடியும் சேசிஸும் ஒன்று, பானெட் தனி மூடி, கீல் கண்ணாடிப் பக்கம். கீலைத் தளர்த்தி மூடியைச் சரிபண்ணினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதே கணக்கை ஹெரால்டில் போட்டால் வராது. அதோடு நான் அவரிடம் என்ன கேட்டேன்? "ஜனவரியில் ஸ்டேட்ஸ்மன் ராலி வருது, லைன் பளிச்னு தெரியணும்." அவர் லைன் கொடுத்தார். கதவு திறக்கணும்னு நான் சொல்லவே இல்லையே!

என் சண்டை மிஸ்திரியோடு இல்லைங்க, நம்மோடு. நாம்தான் இடைவெளியை அசிங்கமாக நினைக்கிறோம். பக்கத்தில் நிற்கும் புது வண்டியில் இடைவெளி நூல் மாதிரி இருக்கு, நம்ம வண்டியிலும் அப்படி வேணும்னு ஆசைப்படுகிறோம். புது வண்டியின் பாடி ரோபோ வெல்டிங் செய்த ஒரே கூடு, அது ஆடாது. ஹெரால்டு ஆடும். ரோட்டில் போகும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், கதவு ஒரு பக்கம் அசையும், பானெட் இன்னொரு பக்கம் அசையும். அந்த இடைவெளி கதவு திரும்புகிற இடம், தகரம் மூச்சு விடுகிற இடம். அதைப் பட்டியால் அடைத்துவிட்டு ஃபோட்டோ எடுப்பது, நெஞ்சு வலிக்குப் பவுடர் பூசுகிற மாதிரி.

இன்னொரு கூட்டம் உண்டு. "ஃபேக்டரியிலிருந்து வந்தப்பவே ஹெரால்டு பானெட் கோணல்தான், விட்டுத் தள்ளுப்பா." பெரியவர்கள் சொல்வது, பாதி உண்மையும்கூட. கத்தி மாதிரி கோடு அந்தக் காலத்தில் யாருக்கும் கிடைக்கலை. ஆனால் அப்பா ஓட்டிய வருஷங்களில் ஒரு நாளும் கதவு மாட்டியதில்லையே. இடைவெளி அகலமாக இருந்தாலும் மேலிருந்து கீழே ஒரே சீராக இருந்தது. சீராக இல்லைன்னா கீழே எதுவோ இறங்கிக்கொண்டிருக்கிறது. அதையும் "அப்படித்தான்"னு விடுவது பட்டி அடிப்பதற்குச் சமமான சோம்பேறித்தனம்.

எனக்குப் புத்தி வந்தது லெஸ்டரிலிருந்து. சித்தப்பா மகன் அங்கே இருபது வருஷமாக இருக்கிறான். வாரக்கடைசியில் ஒரு கிட் கார் வைத்து நோண்டிக்கொண்டிருப்பான். கிட் கார் தெரியாதவர்களுக்கு: ஒரு பழைய வண்டியின் சேசிஸ், என்ஜின் எடுத்துக்கொண்டு, ஃபைபர் பாடியும் மற்ற சாமானும் பெட்டியில் வாங்கி, வீட்டிலேயே பூட்டுகிற கார். 1970-களில் இங்கிலாந்தில் இதற்கு ஹெரால்டு சேசிஸ் ரொம்பப் பிடித்தமான அடி. பாடியைக் கழற்றினாலும் சேசிஸ் தன் காலில் நிற்குமே! ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்றெல்லாம் அதன் மேல் வந்தன. அதற்கும் முன்னாடி 1963-இல் பாண்ட் கம்பெனியே ஹெரால்டு சேசிஸில் ஃபைபர் போட்டு எக்விப் என்று ஒரு கார் விற்றது. நம்ம பக்கம் ஃபைபர் பாடி என்றால் பெங்களூர் சிபானியின் டால்ஃபின், சில பேருக்கு ஞாபகம் இருக்கும்.

அவனிடம் ஃபோனில் அழுதேன். சிரித்தான். "அண்ணா, பானெட்டைக் கடைசியா தொடுங்க. நாங்க அதை மாட்டுறதே கடைசியில்தான்." ஏன்னா ஃபைபரை அடிக்க முடியாது. அடித்தால் வெடிக்கும். இழுத்துக் கொக்கி போட்டால் கொக்கி பக்கத்தில் விரிசல் விடும். ஆறு மாசம் வெயிலில் தாங்கல் இல்லாமல் சாத்தி வைத்தால் அதுவே வளைந்துவிடும். அதனால் கிட் கார்க்காரனுக்கு வேற வழியில்லை, கீழே இருந்து யோசிக்கணும். சேசிஸ் நேரா? பாடி சேசிஸில் சமமா உட்கார்ந்ததா? கதவு பின்னாடித் தூணோடு ஒத்துதா? அப்புறம் பானெட்டைக் கதவுக்கு ஒத்த மாதிரி வை. நம்ம தகரம் அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. அது பொறுத்துக்கொள்வதால்தான் நாம் யோசிக்காமலே தப்பித்துக்கொண்டு வந்தோம்.

இன்னொரு விஷயம், கதவும் கீழ்த் தூணும் மாட்டாமல் வெறும் பானெட்டை மட்டும் வைத்துப் "பார்த்தேன், சரியா இருக்கு" என்பதும் செல்லாது என்றான். வண்டி நாலு டயரிலும் நிற்கணும், என்ஜின் உள்ளே இருக்கணும், நாலிலும் ஒரே காற்று. ஜாக்கில் தூக்கி வைத்துச் சரிபண்ணினால் இறக்கியதும் மாறிவிடும்.

அதே கேரேஜுக்கே திரும்பப் போனேன். மிஸ்திரியும் நானும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். முதலில் சமதளம் தேடவே அரை நாள் ஆச்சு. இங்கே எந்தச் சந்தும் சாக்கடைப் பக்கம் சாய்வுதான். கடைசியில் கேரேஜுக்குள்ளேயே சிமெண்ட் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து இடம் பிடித்தோம். கீல் இருந்த இடத்தை எல்லாம் சாக்பீஸில் குறி வைத்து, பானெட்டை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடித்துக் கழற்றி எடுத்தோம். ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் முறுக்கிக்கொள்ளும், அதைக்கூட இதுவரை நான் கவனித்ததில்லை.

பிறகு டேப் வைத்து முன்கதவு வாசலின் மூலைவிட்டம் அளந்தோம். வலப் பக்கமும் இடப் பக்கமும் ஒத்துவரலை. இடப் பக்கம் முன்தூண் இறங்கியிருக்கு. மிஸ்திரி கீழே படுத்து டார்ச் அடித்தார், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "தாதா, ஏக்பார் தேகுன்" என்று கூப்பிட்டார். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்குகிற கை ஒன்று, துரு தின்று தகடாகிவிட்டிருந்தது. அதன் மேல் ரப்பர் மெத்தை இருக்கவேண்டிய இடத்தில், நீலக் கலரில் ஒரு ஹவாய் செருப்புத் துண்டு! எந்த வருஷம், எந்த ஊர் மெக்கானிக் கைங்கரியமோ. அது நசுங்க நசுங்கப் பாடி இறங்கியிருக்கு, பாடி இறங்க இறங்கக் கதவு இறங்கியிருக்கு, நாங்கள் மேலே உட்கார்ந்து பானெட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தோம்.

கைக்குப் புதுத் தகடு வெல்டிங், மல்லிக் பஜாரில் கெட்டி ரப்பர் வாங்கி மெத்தை வெட்டியது, உயரம் சரிபண்ண ஷிம் வாஷர், எல்லாம் சேர்ந்து 9,000 ரூபாய் சொச்சம். பட்டி, பெயிண்ட் செலவில் கால் பங்கு.

அதற்கப்புறம் வேலை தானாகவே வரிசையாக வந்தது. பின்கதவைப் பின் மட்கார்டோடு ஒத்து வைத்தோம், முன்கதவைப் பின்கதவோடு, கடைசியில் பானெட்டை முன்கதவோடு. நாலு கதவு வண்டி என்பதால் இந்த வரிசையில் ஒரு கண்ணி கூடுதல். பின்கதவில் ஒரு நூல் விட்டால் முன்னாடி வரும்போது ரெண்டு நூலாகும். கேஜ் எல்லாம் எங்களிடம் இல்லை. காலியான பழைய பாஸ்புக் ஒன்றை இடைவெளியில் மேலிருந்து கீழே விட்டுப் பார்த்தோம். எங்கே இறுகுதோ அங்கே கீலைக் கொஞ்சம் நகர்த்தினோம். முன்னே பின்னே நகர்த்த முன் கீல் போல்ட். பின் ஓரத்தின் உயரத்துக்குத் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் கூம்பு. அதைத் திருகியதும் லாக் நட்டை இறுக்க மறந்துடாதீங்க, ரெண்டே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ரப்பர் எங்கே படுது, எங்கே படலை என்பதற்குப் பேப்பர் துண்டு வைத்து மூடி இழுத்துப் பார்க்கணும். சும்மா வந்துவிட்டால் இடைவெளி, கிழிந்தால் அழுத்தம்.

கொக்கி எல்லாத்துக்கும் கடைசி. கொக்கியின் வேலை பானெட்டை அதன் இடத்தில் பிடித்துக்கொள்வது மட்டும்தான், இடத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது இல்லை. ஒரு கையால், அமுக்காமல், கொக்கி விழணும். விழலைன்னா மறுபடி முதலிலிருந்து. நாங்கள் மூணு தடவை முதலிலிருந்து போனோம். :-)

ஒரு நாள் எங்கள் கைக்கு எட்டாமல் வலப் பக்கம் ஒரு முனை முட்டியபோது, பக்கத்துக் கேரேஜ் ஆள் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு நூல் அறுத்துட்டா முடிஞ்சது." மிஸ்திரியே அவரைத் துரத்தினார். நல்லவேளை. 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதியின்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியை அந்த வகையில் பதிவு பண்ணணும்னா அது மூல வடிவில் இருக்கணும், சேசிஸ், பாடி, என்ஜினில் மாற்றம் கூடாது. அந்தப் பதிவில் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது என்பதால் நான் இன்னும் போகலை, ஆனால் வழியை அறுத்து வைப்பானேன். அதோடு, முன்னாடியே சொன்ன மாதிரி, இந்த நாலு கதவு பாடிக்கு மாற்றுச் சாமான் உலகத்தில் எங்கேயும் புதுசாக இல்லை. அறுத்தால் அறுத்ததுதான்.

"எங்களிடம் ஹெரால்டு இல்லையே, ஆல்டோதான்"னு சொல்கிறவர்களுக்கு. உங்களுக்கு ஆபத்து என்னைவிட அதிகம். என் பானெட்டின் கீல் முன்னாடி, கொக்கி விட்டாலும் காற்று அதை அமுக்கத்தான் செய்யும். உங்கள் பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கம். முன்னாடி லாக் முழுசாக விழாமல், ரெண்டாவது சேஃப்டி கொக்கியும் வளைந்து நின்றால், ஹைவேயில் அது எழும்பிக் கண்ணாடியை மறைக்கும். முன்பக்கம் இடி வாங்கி டிங்கரிங் பண்ணி வந்த வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள். கொஞ்ச உயரத்திலிருந்து விட்டாலே லாக் விழுதா? இல்லை தலைக்கு மேல் தூக்கி "டமார்"னு போட்டால்தான் விழுதா? டமார் என்றால் கேரேஜுக்குத் திரும்ப ஓட்டுங்கள், பில் கொடுப்பதற்கு முன்னாடி. முன் கிராஸ் மெம்பர் நேராச்சா, லாக் மேடை சரியான இடத்தில் இருக்கான்னு கேளுங்கள். "புது ரப்பர் சார், போகப் போகச் செட் ஆயிடும்" என்பார்கள். புது ரப்பரால் வருகிற இறுக்கம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம்னா அது ரப்பர் இல்லை.

ஜனவரி ராலிக்கு நான் போகலை. பட்டி அடித்த இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்ததில் இடப் பக்க மட்கார்டு சாம்பல் கலர் பிரைமரில் நிற்கிறது, தேமல் வந்த மாதிரி. குடும்பக் குழுவில் அந்த ஃபோட்டோவைப் போட்டேன், ஒரு கட்டைவிரல்கூட வரலை. லெஸ்டர்க்காரன் மட்டும் கதவு திறக்கிற வீடியோ கேட்டான்.

போன வாரம் அம்மா லேக் மார்க்கெட்டில் தன் பக்கக் கதவைத் திறந்து, தானே இறங்கி, பையை எடுத்துக்கொண்டு போனார். வலப் பக்கம் டேஷ் ஓரத்தில் ஒரு இடத்தில் பாஸ்புக் இன்னும் கொஞ்சம் லூசாகத்தான் போகிறது. அந்தக் கூம்பை அரைச் சுற்று ஏற்றணும்னு நினைக்கிறேன், மிஸ்திரி கால் சுற்று போதும் என்கிறார். மழை விடட்டும், பார்க்கலாம்.